டப்ளினிலிருந்து மேற்கே: ஒரு கிழங்கு விவசாயியின் கார்ப் பயணம்

அயர்லாந்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் இந்தியச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மகளைப் பார்க்க, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று இங்கிருந்து போகும் பெற்றோர் பலரும் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தே மூன்று மாதத்தைக் கழித்துவிட்டுத் திரும்புவார்கள். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து போன அந்தத் தம்பதியும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள். ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் கிடைக்கும். "அப்பாவுக்குக் கிழங்குக் காடு காட்டணும்" என்று மகள் சொல்ல, மருமகன் வண்டியை எடுத்தார்.

பெரியவருக்கு ஊரில் மூன்று ஏக்கர். சித்திரையில் கிழங்கு ஊன்றி, தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறியவர். போகும் முன்னே வீட்டில் ஒரு சின்னச் சண்டை. அவர் மனைவி மலைப்பூண்டு இரண்டு கிலோவும், தோட்டத்துக் கிழங்கு கொஞ்சமும் பெட்டியில் வைத்திருந்தார். மகள் போனிலேயே தடுத்துவிட்டாள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் பூண்டு கொண்டுபோக முடியாது; இந்தியக் கிழங்கு எந்தச் சான்றோடும் உள்ளே போகாது. "நாலு பூண்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று அம்மாவுக்கு வருத்தம். அந்தக் கெடுபிடிக்குக் காரணம் அயர்லாந்தின் மண்ணிலேயே எழுதிக் கிடக்கிறது என்பது பயணத்தின் இரண்டாம் நாள்தான் அவருக்குத் தெரிந்தது.

புறப்படுகிறவர்களுக்குச் சில தகவல்கள். அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் சேராது. பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ வாங்கிய விசா அங்கே செல்லாது, தனியாக வாங்க வேண்டும். வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகிறது. தூரமும் வேகமும் கிலோமீட்டரில்தான். பெரிய மோட்டார்வேயில் 120 கி.மீ. வரை போகலாம். டப்ளினைச் சுற்றி வரும் எம்-50 சாலையில் சுங்கக் கட்டணம் உண்டு, ஆனால் நிற்கச் சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் நாமாகவே பணம் கட்டிவிட வேண்டும், மறந்தால் அபராதம். 150 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். ஆகவே பின்சீட்டில் ஆறு வயதுப் பேரனின் இருக்கைக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் பாட்டியும் ஒடுங்கி உட்கார, பெரியவர் முன்னால் உட்கார்ந்தார்.

ஊர் எல்லை தாண்டியதுமே பச்சை. அந்த நாட்டு விவசாய நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்தான். நிறைய மழையால் வரும் பச்சை என்றுதான் யாரும் நினைப்பார்கள். டப்ளினில் ஆண்டு மழை ஏறக்குறைய 750 மி.மீ., சென்னையில் பெய்வதில் பாதிதான். வித்தியாசம் பெய்கிற விதத்தில் இருக்கிறது. நமக்கு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பது அவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் தூறலாக விழுகிறது. வெயில் ஏறாததால் மண் காய்வதில்லை. மேற்கே போகப் போக மழை கூடுகிறது.

"காட்டுல ஒரு ஆளையும் காணோமே மாப்ள?" என்றார் பெரியவர், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு.

"மாடுதான் மாமா இங்க ஆளு" என்றார் மருமகன். சொன்னது உண்மைதான். அந்தக் குடியரசில் மக்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். மாடுகள் 70 லட்சத்தை ஒட்டி. சராசரிப் பண்ணை 33 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கருக்கும் மேல். வேலிக்கு வெள்ளை முள்பூச் செடி வரிசை அல்லது மின்கம்பி. ஆங்காங்கே வெட்டிய புல்லைச் சுருட்டி, பிளாஸ்டிக் படலம் சுற்றி உருண்டை உருண்டையாக வைத்திருந்தார்கள். நம் கால்நடைத் துறையினர் சொல்லும் ஊறுகாய்ப் புல்தான் அது. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கு அதுவே சாப்பாடு.

முல்லிங்கர் ஊர்ப் பக்கம் டீ குடிக்க இறங்கினார்கள். பக்கத்திலேயே ராயல் கால்வாய். கரையில் ஓடிய பேரன் திரும்பி வந்து சொன்னான்: "தாத்தா, யாரோ குட்டி ஷூவை விட்டுட்டுப் போயிட்டாங்க."

வெண்கலத்தில் வார்த்த சிறுபிள்ளை ஷூ ஜோடி அது. கால்வாய்க் கரை நெடுக அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருக்கின்றன. 1847ஆம் ஆண்டு ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஜமீன் ஊரிலிருந்து 1,490 பேர் இந்தக் கரை வழியே டப்ளினுக்கு நடத்திக்கொண்டு போகப்பட்டார்கள். எல்லோரும் குத்தகைக் குடிகள், பிள்ளை குட்டிகளோடு. வழியில் யாரும் திரும்பிவிடாதபடி ஜமீனின் ஆள் ஒருவன் கூடவே வந்தான். டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து கனடாவின் கியூபெக்குக்குக் கப்பல். பலர் கரை சேரவில்லை. அவர்கள் நடந்த தடம் இன்று 165 கி.மீ. நடைபாதை. அவர்கள் கிழக்கே நடந்த அந்தத் தூரத்தை இந்தக் குடும்பம் இரண்டு மணி நேரத்தில் மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரோக்ஸ்டவுனில்

ரோஸ்காமன் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் கடைத்தெரு, ஊருக்குப் பொருந்தாத அகலம். தெருக்கோடியில் ஜமீன் மாளிகை. அதன் வளாகத்திலேயே அயர்லாந்தின் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. ஜமீன் அலுவலகத்துப் பழைய காகிதக் கட்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்: குத்தகைக் கணக்கு, பாக்கிக் கணக்கு, குடிகள் கொடுத்த மனுக்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, பெரியவர் கைகட்டி நின்று கேட்டார்.

கதை இதுதான். 1841 மக்கள்தொகைக் கணக்கில் அயர்லாந்துத் தீவில் 81 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நிலம் பெரும்பாலும் ஜமீன்தார்களிடம். அவர்களிடம் குத்தகைக்கு எடுத்தவர் உள்குத்தகைக்கு விட, அவர் இன்னொருவருக்கு விட, கடைசி ஆளிடம் வந்து சேர்ந்தது அரை ஏக்கரும் கால் ஏக்கரும். அந்தத் துண்டில் ஒரு குடும்பம் வயிறு நிறைய வேண்டுமென்றால் உருளைக்கிழங்கைத் தவிர வேறு வழியில்லை. கோதுமையும் ஓட்ஸும் குத்தகைக்கு விற்கிற பயிர். கிழங்கு சாப்பிடுகிற பயிர். உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு 5, 6 கிலோ கிழங்கு தின்றார் என்றால் வேறு சாப்பாடு இல்லை என்றுதானே அர்த்தம். அதிலும் ஏழைகள் பெரும்பாலும் ஊன்றியது 'லம்பர்' என்ற ஒரே ரகம். ருசி சுமார், மோசமான மண்ணிலும் நிறைய காய்க்கும் என்பதால் எல்லோரும் அதற்கே போனார்கள்.

1845 செப்டம்பரில் இலை கறுத்தது. மேல்மலையிலும் நீலகிரியிலும் கிழங்கு போடுகிற யாருக்கும் அந்த நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்கருகல்தான். இலையில் எண்ணெய் பட்டது போல ஈரத் திட்டு, மறுநாள் கருப்பு, அடியில் வெள்ளைப் பூசணம், மூன்று நான்கு நாளில் காடு முழுக்க அழுகல் நாற்றம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிழங்கோடு கப்பலேறி வந்த நோய் அது. 1846இல் ஏறக்குறைய முழு விளைச்சலும் போயிற்று. 1847இல் நோய் குறைவு, ஆனால் ஊன்ற விதைக்கிழங்கே மிச்சமில்லை. விதையையும் தின்று தீர்த்திருந்தார்கள். சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதற்கு மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே ஆண்டுகளில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

இந்த ஊர் ஜமீன்தார் மேஜர் டெனிஸ் மேஹனிடம் அவருடைய ஏஜென்ட் கணக்குப் போட்டுக் காட்டினார்: இந்தக் குடிகளை ஏழைகள் விடுதியில் வைத்துக் கஞ்சி ஊற்றுவதைவிடக் கப்பல் கூலி கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிடுவது செலவு குறைவு. கால்வாய்க் கரையில் நடந்த 1,490 பேர் அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டவர்கள். அந்த வருடம் நவம்பரில் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெரியவரை நிறுத்தியது அதுவல்ல, 1847இல் வந்த ஒரு சட்டம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வர வேண்டும்.

"அப்படின்னா கஞ்சியா காடான்னு கேட்டிருக்கான்" என்றார்.

"ஆமாப்பா."

"காட்டக் குடுத்துட்டுக் கஞ்சி குடிச்சா, அடுத்த வருஷம் எங்க ஊன்றது?"

நோய் கிழங்கைத்தான் கொன்றது. ஆளைக் கொன்றது நிலத்தில் உரிமை இல்லாததும், இரண்டாவது பயிர் இல்லாததும், விளைந்த தானியம் தன் கண் முன்னே வண்டியேறிப் போனதும். இதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்தக் காகிதக் கட்டிலேயே இருக்கிறது.

அங்கிருந்து மேயோ மாவட்டத்துக்குள் நுழைந்து, நெடுஞ்சாலையை விட்டுச் சில கிலோமீட்டர் ஒதுங்கினால் ஸ்ட்ரேட் என்ற சிற்றூர். பஞ்சத்தின் நடுவே 1846இல் மைக்கேல் டேவிட் பிறந்தது இங்கேதான். 1850இல் குத்தகை பாக்கிக்காகக் குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். இங்கிலாந்துக்குப் போய்ப் பஞ்சாலையில் சேர்ந்த பையன், 11 வயதில் இயந்திரத்தில் வலது கையை இழந்தான். அந்த ஒற்றைக் கைக்காரர்தான் 1879இல் 'நில லீக்' தொடங்க முன்னின்றவர். நியாயமான குத்தகை, வெளியேற்றத் தடை, கடைசியில் உழுபவனுக்கே நிலம் என்பது கோரிக்கை.

நாம் அன்றாடம் சொல்லும் 'பாய்காட்' என்ற சொல்லும் இந்த மாவட்டத்தில் பிறந்ததுதான். கேப்டன் பாய்காட் என்பவர் ஒரு பெரிய ஜமீனின் ஏஜென்ட். 1880இல் குடிகளை வெளியேற்ற முனைந்தபோது ஊரே அவரை விலக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால் கொண்டுவர ஆள் இல்லை. வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பட்டாளப் பாதுகாப்போடு அறுவடை செய்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடச் செலவு பல மடங்கு. அந்த ஆள் பெயர் இன்று உலகத்துக்கே வினைச்சொல். 1903இல் வந்த விண்டம் சட்டப்படி அரசு கடன் கொடுத்து, குடிகளே நிலத்தை வாங்கிக்கொள்ள வழி செய்தது. தவணை 68½ ஆண்டு. அப்பன் தொடங்கிப் பேரன் கட்டி முடிக்கிற கடன்தான், ஆனால் நிலம் அவன் பெயரில் வந்தது.

இதைக் கேட்டதும் பெரியவர் காரில் வெகுநேரம் பேசவில்லை. காரணம் மகளுக்குத் தெரியும். ஊரில் அந்த மூன்று ஏக்கரின் பட்டா இன்னும் அவருடைய தாத்தா பெயரில், பங்காளிகளோடு கூட்டாகத்தான் இருக்கிறது.

அக்கில் தீவில் ஒரு மலைச்சரிவு

அக்கில் தீவுக்குப் பாலம் உண்டு, காரிலேயே போய்விடலாம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அம்மா இரவுச் சாப்பாட்டை "சாயங்கால டிபன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தங்கிய வீட்டுக்காரர் ஆடு வளர்ப்பவர். மலையில் பொதுமேய்ச்சல் நிலம், ஊர்க்காரர்களுக்குப் பங்குண்டு. யார் ஆடு என்று தெரிய முதுகில் நீலம், சிவப்பு என்று சாயம் பூசி விடுகிறார்கள். ஆட்டில் என்ன நிற்கும் என்று பெரியவர் கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்துவிட்டார். அங்கே இப்படிப்பட்ட ஆட்டுப்பண்ணைகளின் வருமானத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம்தான். நாடு முழுவதும் பண்ணைக்காரர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். பிள்ளைகள் டப்ளினிலும் ஆஸ்திரேலியாவிலும்.

மறுநாள் காலை ஸ்லீவ்மோர் மலையடிவாரம். ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கல் வீடுகள், எண்பது நூறு இருக்கும். எதற்கும் கூரை இல்லை. ஊரே காலியாகிப் பல காலம் ஆயிற்று. வீடுகளைச் சுற்றியுள்ள சரிவு முழுக்கச் சீப்பால் சீவியது போலப் புல்லுக்கடியில் வரி வரியாக மேடும் பள்ளமும்.

"இது பாத்தி" என்றார் பெரியவர். யாரும் சொல்லித்தரவில்லை. மலைக்காட்டில் அறுபது வருடம் கிழங்கு ஊன்றிய கண்ணுக்கு அது தெரியாமல் போகாது.

கிழங்குக்கென்று மண்வெட்டியால் எடுத்த மேட்டுப்பாத்திகள் அவை. புல் தரையை உழாமல் அப்படியே விட்டு, அதன்மேல் கடற்பாசியோ சாணமோ பரப்பி, விதைக்கிழங்கை வைத்து, இரண்டு பக்கமும் புல்லோடு மண்ணைப் பெயர்த்துக் கவிழ்த்து மூடுவார்கள். பெயர்த்த இடம் வடிகால், கவிழ்த்த இடம் பாத்தி. நீர் தேங்கும் மண்ணில், ஏரும் மாடும் இல்லாத ஏழைக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயர் வைத்தார்கள். கடற்கரையிலிருந்து கூடை கூடையாகப் பாசியை முதுகில் சுமந்து இந்த ஏற்றத்தில் ஏறியவர்களைச் சோம்பேறி என்று சொல்ல ஒரு மனது வேண்டும்.

அந்தச் சரிவில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஊரிலிருந்து தம்பி போன் செய்தார். இங்கே காலை 11 என்றால் அங்கே பிற்பகல் மூன்றரை. மூன்று நாளாகச் சாரலும் மூடுபனியும். கீழ்ப்பாத்தியில் நாலைந்து செடியில் இலை கருகியிருக்கிறது.

"எத்தனாவது நாளு?"

"நாப்பத்தேழு ஆச்சுண்ணே."

"மருந்து அடிச்சியா?"

"மழை விடட்டும்னு பாத்தேன்."

மழை விடட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த நோயில் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. இது இலையில் ஈரம் நிற்கிற நேரத்தில் பரவுகிற நோய். அயர்லாந்தில் 1950களில் ஆஸ்டின் பர்க் என்ற வானிலை அறிஞர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்: வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல், காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், தொடர்ந்து 12 மணி நேரம் இருந்தால் நோய் கிளம்ப வாய்ப்பு. அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்றும் மெட் ஏரன் என்ற அவர்களுடைய வானிலைத் துறை, கோடைக்காலத்தில் கிழங்கு நோய் எச்சரிக்கை விடுகிறது. மழை எச்சரிக்கை போலவே செய்தியில் வாசிக்கிறார்கள். அதைக் கேட்டதும் இலை கருகும் முன்னே மருந்து அடிக்கிறார்கள்.

மேல்மலையில் ஜூன் மாதம் அந்த 12 மணி நேரம் கிட்டத்தட்ட தினமும் வரும். 45ஆம் நாள் வாக்கில், நோய் வரும் முன்பே மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்று தெளித்து, 60, 75ஆம் நாட்களில் மறுபடி தெளிப்பது நம் பரிந்துரை. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். கருகிய செடியைப் பிடுங்கி வரப்பில் போடாமல் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். மண் அணைப்பு நன்றாக இருந்தால் இலையிலிருந்து கழுவி வரும் வித்து கிழங்கைத் தொடாது. பெரியவர் இவ்வளவையும் தன் பாஷையில், நடுவே தம்பியை நாலு திட்டும் சேர்த்து, போனிலேயே சொல்லி முடித்தார். "மயில்துத்தம் இருக்கா? சுண்ணாம்பு சேத்துக் கலக்கி மேலத்தோட்டத்துக்கும் இன்னிக்கே அடி."

மயில்துத்தம் என்றதும் மருமகன் அதை வீட்டுக்காரரிடம் மொழிபெயர்த்தார். அந்த மனிதர் முகம் மலர்ந்து, தன் தாத்தா காலத்தில் அதையே சலவைச் சோடாவோடு கலந்து அடித்ததைச் சொன்னார். பிரான்ஸில் 1885இல் திராட்சைக்கென்று கண்டுபிடித்த போர்டோக் கலவை கிழங்குக்கும் கேட்கும் என்று தெரிந்து, 1890களில்தான் அயர்லாந்துக் காடுகளில் நீல நிறம் ஏறியது. பஞ்சத்துக்கு நாற்பது வருடம் பிந்தி வந்த மருந்து. நம்மிடம் ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. தனித்தனியே கரைத்து, உலோகமில்லாத பாத்திரத்தில் சேர்த்து, துருவில்லாத இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

அயர்லாந்துக்காரர்கள் பாடம் படித்துவிட்டார்களா என்றால் பாதிதான். இன்று அங்கே விளையும் கிழங்கில் பாதிக்கு மேல் 'ரூஸ்டர்' என்ற சிவப்புத் தோல் ரகம் ஒன்றே. சாகஸ்க் என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி அமைப்பு 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. கடைக்காரர் அதைத்தான் கேட்கிறார், விவசாயி அதைத்தான் போடுகிறார். மருந்து இருப்பதால் தப்பிக்கிறார்கள். ஆனால் சில மருந்துகளுக்குக் கட்டுப்படாத புது நோய் வகைகளும் ஐரோப்பாவில் வந்துவிட்டன.

பெட்டியில் கிழங்கு வைக்க விடாத காரணத்தை அம்மா அன்று அந்தச் சரிவில் ஒத்துக்கொண்டார். நமக்கும் அந்த அனுபவம் உண்டு. நீலகிரியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு இன்றுவரை மலையை விட்டுப் போகவில்லை. அதனாலேயே அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை.

மூன்றாம் நாள் வெஸ்ட்போர்ட், லூயிஸ்பர்க் வழியாக டூலாக் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவே கரிய ஏரி, ஒற்றைச் சாலை, வீடே இல்லை. 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க்கில் நிவாரணம் கேட்டு நின்றவர்களை, அதிகாரிகள் டெல்ஃபி மாளிகையில் இருப்பதால் அங்கே வந்து காட்டும்படி சொன்னார்கள். குளிரில் இந்த வழியே நடந்து போனவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பலர் சாலையோரம் செத்து விழுந்தார்கள். அங்குள்ள நினைவுக்கல்லில் மகாத்மா காந்தியின் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்காக முதலில் நிதி திரட்டிய வெளியூர்களில் கல்கத்தாவும் ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குள் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும் துறைமுகத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. மேல்மலைப் பெரியவர்களிடம் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. பேரனுக்கு அவர் அதைச் சொல்லத் தொடங்கினார். மகள் "சின்னப் பையன்ப்பா" என்று நிறுத்திவிட்டாள்.

ஒரு பால் சொசைட்டி

கடைசி நாள் கால்வேயிலிருந்து தெற்கே லிமரிக், அங்கிருந்து ட்ரோம்கொல்லகர். சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாகப் போகாத ஊர். 1889இல் அயர்லாந்தின் முதல் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் இங்கேதான் தொடங்கியது. அதன் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. நான்கு நாளில் பெரியவர் சிரித்து நின்ற இடம் இதுதான். ஊரில் பால் சொசைட்டிக் கமிட்டியில் இருந்தவர் அவர்.

குடிகளுக்கு நிலம் வரத் தொடங்கிய காலத்தில் இன்னொரு தொல்லை வந்தது. வீட்டில் கடைந்த வெண்ணெய்க்கு ஒரே தரம் கிடையாது. வியாபாரி வைத்ததே விலை. டென்மார்க் வெண்ணெய் இங்கிலாந்துச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹொரஸ் பிளங்கெட் என்பவர் ஊர் ஊராகப் போய், பாலை ஒரே இடத்தில் ஊற்றுங்கள், இயந்திரத்தில் கடையுங்கள், லாபத்தை ஊற்றின அளவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். முதலில் கூட்டம் போட்ட இடங்களில் எல்லாம் யாரும் அசையவில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளை சொல்வதைக் குடிகள் எப்படி நம்புவார்கள்? மெல்ல மெல்லப் பரவி, 1894இல் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு தலைமை அமைப்பு வந்தது. இன்று உலகம் முழுக்க விற்கும் அயர்லாந்து வெண்ணெய்க்கு அடித்தளம் அந்த ஊர்ச் சங்கங்கள்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 1904 சட்டமும், திருவள்ளூர் பக்கம் திரூரில் அந்த ஆண்டே பதிவான கடன் சங்கமும் அந்த வழியில் வந்தவை. பிளங்கெட்டின் ஆட்களும் அதே ஜெர்மன் முன்மாதிரியைப் பார்த்துத்தான் அயர்லாந்தில் கடன் சங்கம் தொடங்கினார்கள்.

சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் கழுதை வண்டிகள் வரிசை கட்டி நின்றன, ஒவ்வொன்றிலும் பால் கேன்.

"நம்ம சொசைட்டி மாதிரியே இருக்கு. கேன் மட்டும் பெருசு" என்றார் அம்மா.

வெளியே வந்து காரில் ஏறும் முன் மகள் பேச்சை எடுத்தாள். மேல் ஏக்கரை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். "அந்த விக்கிற பேச்சு இப்ப வேணாம்ப்பா. மொதல்ல ஊருக்குப் போயி, சித்தப்பாவ வச்சுக்கிட்டு, வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கூட்டுப்பட்டாவப் பிரிங்க. விக்கிறதா இருந்தாலும் வச்சுக்கிறதா இருந்தாலும் உங்க பேருல இருக்கணும்ல."

"பங்காளி ஏழு பேரு கையெழுத்துப் போடணும்மா."

"போடட்டும். ரெண்டு பேரு கோயமுத்தூர்ல, ஒருத்தரு திருப்பூர்ல. நான் போன்ல பேசுறேன்."

இந்த மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் எத்தனையோ குடும்பங்களில் இதே நிலைதான். பட்டா செத்துப்போனவர் பெயரில் இருக்கும்வரை பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் எதற்குப் போனாலும் அலைச்சல்தான். உடன்பாடு உள்ள பங்காளிகள் உயிரோடு இருக்கும்போதே உட்பிரிவுக்கு மனுக் கொடுப்பது நல்லது. அடுத்த தலைமுறையில் ஏழு கையெழுத்து இருபத்தேழாகும்.

டப்ளினுக்கு மூன்று மணி நேர ஓட்டம். வழியில் ஒரு சாலையோரக் குடிசைக் கடையில் ஸ்ட்ராபெரியும் புதுக்கிழங்கும் வைத்திருந்தார்கள். கோடையில் அங்கே அப்படி நிறைய உண்டு. பேரனுக்குப் பழம், பாட்டிக்கு இரண்டு கிலோ கிழங்கு. இரவு வீட்டில் அதைத் தோலோடு வேகவைத்து மசால் போட்டார் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பியிடமிருந்து படம் வந்தது. அடித்து இரண்டு நாள் ஆயிற்று. கீழ்ப்பாத்தியில் அரை சென்ட் பிடுங்கியாயிற்று, மேலத்தோட்டம் இன்னும் பச்சை. பெரியவர் படத்தைப் பெரிதாக்கி, இலையின் அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னார்.